பெருநாளுக்கு முந்தின பெருநாள்

பெருநாளை ஒரு நாள் முந்திக் கொண்டுவரப் பார்த்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரில் பலர் பலவற்றை அவசரப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்: நெல் விலையை, கல்யாணப் பேச்சை, தேர்தல் முடிவை. வானத்தை அவசரப்படுத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்தக் கதையை நான் பல சபைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் எப்போதும் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் போவது சரியில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது.

உம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. கப்பலில் வேலை செய்தார். கல்முனைக் கரையில் கடல் என்றால் தோணியும் கரைவலையும்தான். கப்பலில் போகிறவர் ஊருக்கு அபூர்வம். அதனால் மாமா விடுமுறையில் வந்து இறங்கினால், வெளிநாட்டுச் சவர்க்காரத்தை மோந்து பார்க்கவே நாலு வீட்டார் வருவார்கள். அந்த வருடம் நோன்பு மாதத்தில் வந்தவர், யப்பான் துறைமுகம் ஒன்றில் வாங்கிய தூரக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைக் குழாய், மூன்று கால், கண் வைக்கும் இடத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு பார்வைத்துண்டு.

அதிசயம் அந்தப் பார்வைத்துண்டில்தான் இருந்தது. மற்றத் தொலைகாட்டிகளுக்குப் பல பார்வைத்துண்டுகள் இருக்கும். சிறிதாகக் காட்ட ஒன்று, பெரிதாகக் காட்ட ஒன்று என்று கழற்றிக் கழற்றி மாட்டவேண்டும். மாமாவுடையதற்கு ஒன்றே ஒன்று. அதன் இடுப்பில் ஒரு வளையம் இருந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப, பார்க்கும் பொருள் கிட்டக் கிட்ட வரும். இப்போது இதைச் சூம் என்கிறார்கள். அன்று எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை. "இது தூரத்தில கிடக்கிறத இழுத்துக்கொண்டு வாற கண்ணாடி" என்றார் மாமா.

முதல் நாள் கடற்கரையில் வைத்து உம்மாவுக்குக் காட்டினார். தூரத்தில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. மாமா வளையத்தைத் திருப்பினார். உம்மா திடுக்கிட்டுப் பின்வாங்கி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன?" என்றார் மாமா.

"அந்த மனிசன் என்னப் பாக்காரு!"

"அவருக்கு உங்களத் தெரியாது. உங்களுக்குத்தான் அவரத் தெரியுது."

"இவ்வளவு கிட்ட வந்து நிக்காரு, தெரியாம இரிக்குமா? சும்மா கதைக்காத தம்பி."

அதன் பிறகு உம்மா அந்தக் கண்ணாடியில் கண் வைக்கும்போதெல்லாம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டுதான் வைப்பார். நிலாவைப் பார்க்கும்போதும் அப்படித்தான்.

மாமா கண்ணாடியை என் பொறுப்பில் விட்டுவிட்டார். நோன்பு மாதம் முழுக்க அதுதான் எனக்கு விளையாட்டு. அதன் குணங்கள் எனக்கு விரல் நுனியில் இருந்தன. வளையம் சிறிதாகக் காட்டும் பக்கம் இருக்கும்போது பொருளைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடித்த பிறகுதான் வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கலாம். முதலே பெரிதாக்கிவிட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பெரிதாக்கினால் வெளிச்சம் மங்கும், குழாய் கொஞ்சம் அசைந்தாலும் எல்லாம் குலுங்கும், தெளிவைத் திரும்பச் சரிசெய்யவேண்டும். வானத்தில் உள்ள பொருளென்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நழுவி வெளியே போய்விடும். பிறகு வளையத்தைப் பின்னுக்குத் திருப்பி, தேடிப் பிடித்து, மறுபடியும் பெரிதாக்கவேண்டும். ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, இதற்குப் பொறுமை இல்லாதவள். "நீயே புடிச்சுத் தா. நான் கண்ண மட்டும் வெக்கன்" என்பாள்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் மாமாவுக்குத் தந்தி வந்தது. கப்பல் கொழும்புக்கு வருகிறது, உடனே வந்து ஏறவேண்டும். கணக்குப் பார்த்தபோது விஷயம் இப்படி இருந்தது: இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை கண்டால் மறுநாள் பெருநாள். காலையில் தொழுது, வீட்டில் சாப்பிட்டு, பகல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் இரவு ரயிலைப் பிடிக்கலாம். பிறை காணாவிட்டால் முப்பதாம் நோன்பு. மாமா நோன்போடு பஸ் ஏறவேண்டும். பெருநாள் அவருக்கு எங்கோ துறைமுக வாசலில் கழியும்.

கப்பல் ஏறிய பிறகு மாமா ஒரு பெருநாளுக்கும் வீட்டில் இருந்ததில்லை. உம்மா அதைப் பற்றி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. மாமாவுக்கென்று தைத்த புதுச் சட்டையை எடுத்து மடிப்பார், பெட்டியில் வைப்பார், திரும்ப எடுத்து மடிப்பார். வளர்த்த சேவலுக்கு நெல் போடும்போது அதனோடு கதைப்பார்: "நாளைக்கோ நாளையண்டைக்கோ தெரியாது. ரப்புதான் அறிவான். நீ நல்லாத் தின்னு."

இருபத்தொன்பதாம் நாள் மாலை. எங்கள் ஊரில் கடல் கிழக்கே, பிறை மேற்கே. பிறை பார்க்க நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் போவோம். வாப்பாவின் நெல் ஆலை ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. நெல் காயப்போடும் சீமெந்துக் களத்தில் நின்றால், கதிர் தள்ளிய வயலுக்கு அப்பால் வானம் தடையில்லாமல் தெரியும். நோன்பு திறந்ததும் ஆண்கள் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மாமா உம்மாவுக்கு ஏலக்காயும் கருப்பட்டியும் வாங்கக் கல்முனைச் சந்தைக்குச் சைக்கிளில் போயிருந்தார். களத்தில் நான், ராத்தா, பக்கத்து வீட்டுப் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள். நடுவில் மூன்று காலில் என் கண்ணாடி.

அடிவானத்தில் மேகம் கட்டியிருந்தது. பிறை இருந்தாலும் அதற்குள்தான் இருக்கவேண்டும். நான் மேகத்தின் ஓரமாகக் குழாயை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது. தெளிவைச் சரிபார்க்கலாம் என்று குழாயை அதற்குத் திருப்பினேன். ஒரு வெளிச்சப் பொட்டு. வளையத்தைத் திருப்பினேன். பொட்டு வீங்கியது. இன்னும் திருப்பினேன். வளையம் அந்தத்துக்குப் போய் நின்றது. தெளிவைச் சரிசெய்தேன்.

பார்வைத்துண்டுக்குள் பிறை நின்றது.

மெல்லிய, வளைந்த, வெள்ளிக் கம்பி போன்ற பிறை. நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். வெள்ளி. குனிந்து பார்த்தேன். பிறை. மறுபடியும் தூக்கினேன். வெள்ளிதான். ஒரு நட்சத்திரம் பிறையாக இருக்கிறது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த நேரம் என் உடம்பில் ஓடிய சந்தோஷத்தை இன்றும் என்னால் உணர முடிகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அது நோன்பு முடிக்கும் பிறை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் நட்சத்திரம் எது, நிலா எது என்று தெரியும்.

"என்னடா வாயப் பொளந்துக்கொண்டு நிக்காய்? தள்ளு" என்று ராத்தா என்னை இடித்துவிட்டுக் கண்ணை வைத்தாள்.

அடுத்து வந்த சத்தத்தில் வயலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"பிறை! அல்லாவே, பிறைகா! உம்மாவக் கூப்பிடுங்க, பிறை!"

நான் பொய் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றது போதுமாக இருந்தது. பெண்கள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவர் பார்த்து முடிக்கும்போதும் வெள்ளி நழுவிவிடும். நான் வளையத்தைப் பின்னுக்குத் திருப்பி, பொட்டைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கி, பிறை ஆன பிறகுதான் அடுத்தவருக்கு இடம் விடுவேன். ஆக, பொட்டைப் பார்த்தவன் நான் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் பிறையைத்தான் பார்த்தார்கள். வெறுங்கண்ணால் காணும் பிறை எவ்வளவு பெரிதாக இருக்குமோ, அவ்வளவு பெரிதாக அது இருந்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று. உண்மையான பிறையை அவ்வளவு பெரிதாக்கினால் அது பார்வைத்துண்டையே கிட்டத்தட்ட நிறைத்துவிடும். அதை யோசிக்க அங்கே ஒருவரும் இல்லை. உம்மா ஓடிவந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். குனிந்தார். நிமிரும்போது கண் நிறைந்திருந்தது.

"தம்பிக்குப் பெருநாள் கிடைச்சிட்டு" என்றார்.

சத்தம் கேட்டுச் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்தவரும் வந்தார். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன். ஒரு கண்ணாலும் பார்த்தார், மற்றக் கண்ணாலும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள இரிக்கி. வெளியில காணல்லியே மனே?"

"அது மெலிசு காக்கா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

அதுதான் நான் வாய் திறந்து சொன்ன முதற்பொய். நன்றாகவே வந்தது.

"அப்ப நிண்டு என்ன செய்ற? பள்ளிக்குப் போய்ச் சாட்சி சொல்லணும். சொன்னாத்தான் நகரா அடிப்பாங்க" என்று சாரனை மடித்துக் கட்டினார் காக்கா.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு பெருநாளை வாங்கிக் கொடுக்கத்தான் நினைத்தேன். பள்ளியின் நகரா முரசு முழங்கி, ஊர் முழுக்க நாளைக்கு நோன்பை விடும் என்பது அதுவரை என் கணக்கில் வரவில்லை. வாய் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் உம்மாவின் முகம் எதிரே இருந்தது.

மாமாவின் சைக்கிள் மணி கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மாமா ஏலக்காய்ப் பொட்டலத்தை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியிடம் வந்தார். நான் அவசரமாக வெள்ளியைப் பிடித்து, வளையத்தை அந்தம்வரை திருப்பி, தெளிவாக்கிவிட்டு விலகினேன்.

மாமா குனிந்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அவருடைய விரல்கள் வளையத்தில் மெல்லத் திரும்பின. இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து மேற்கு வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார்.

"பள்ளிக்கு நான் போறன்" என்றார். "காக்கா, நீங்க கடையப் பாருங்க. ஒருத்தரும் ஓட வேணாம், ஊருக்குள்ள சொல்லித் திரியவும் வேணாம். நகரா அடிச்சாத்தான் பெருநாள். அது பள்ளிட வேல." பிறகு உம்மாவிடம் திரும்பினார். "நீங்க போய் அடுப்ப மூட்டுங்க."

"நகரா அடிக்கட்டுமே தம்பி."

"அடிக்கிற நேரம் அடிக்கட்டும். எனக்குப் பசிக்குது."

கண்ணாடியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சைக்கிளை உருட்டியபடி போனார். ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டு நடந்தார். என் மாமாவையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையும் பயமும் சேர்ந்து, வீட்டுக்கு ஓடும் வழியில் நான் இரண்டு முறை விழுந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. சேவல் எங்கள் திட்டத்தை எப்படியோ தெரிந்துகொண்டு வேலி பாய்ந்தது. ராத்தா அதன் பின்னால், நான் ராத்தாவின் பின்னால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் பின்னால். "மறிடா, மறிடா, அந்தப் பக்கம் மறி! நீ பிறை புடிச்ச கையால கோழி புடிக்க ஏலாதா?" என்று ராத்தா கத்தினாள். கடைசியில் அது ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த வாப்பாவின் காலுக்குள் தானாகப் போய் விழுந்தது. "நகரா அடிக்கல்லியே" என்றார் வாப்பா. "தம்பி போயிரிக்காரு" என்றார் உம்மா. வாப்பா சேவலைத் தூக்கினார். பிஸ்மி சொல்லிக் கத்தியை எடுத்தார்.

உம்மா முட்டையை உடைத்து அடித்தார். கருப்பட்டி கரைந்தது. தேங்காய்ப்பால் பிழிந்தது ராத்தா. வட்டிலப்பம் ஆவியில் ஏறியது. நெய்ச்சோற்றின் வாசம் வீட்டுச் சந்தான ஒழுங்கைக்குள் போனதும் பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலால் தலையை நீட்டி, "எங்களுக்கு இன்னும் பிறை வரல்ல, உங்கட வீட்டுக்கு மட்டும் தனியா வந்ததா?" என்று கேட்டார். உம்மா பாடியதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். பாட்டென்று சொல்ல முடியாது. தாலாட்டுக்கும் தக்பீருக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

மாமா வரவில்லை. பள்ளி எங்கள் ஒழுங்கையின் முனையில்தான் இருந்தது. இஷா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நகரா அடிக்கவில்லை. நான் வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். இறைச்சி வெந்து, சோறு இறங்கி, வட்டிலப்பத்தின் நடுவில் உம்மா ஈர்க்கைக் குத்திப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் வாசல் படலை திறந்தது.

மாமா செருப்பைக் கழற்றினார். "கொழும்பில பிறை காணல்லயாம். ரேடியோவில சொல்லிட்டாங்க. நம்மட பக்கமும் காணல்ல. நாளைக்கு முப்பது" என்றார்.

உம்மா கையில் அகப்பையோடு நின்றார்.

"அப்ப நாம கண்டது என்ன?" என்றாள் ராத்தா.

"நம்மட கண்ணாடிதான்" என்றார் மாமா. "தூரத்தில கிடக்கிறத இழுத்துக்கொண்டு வாற கண்ணாடியெல்லோ. நாளைக்குள்ளத இண்டைக்கே இழுத்துக்கொண்டு வந்திட்டுது."

முதலில் சிரித்தது வாப்பா. அவர் சிரிப்பது வீட்டில் அபூர்வம். பிறகு ராத்தா. பிறகு உம்மா அகப்பையால் மாமாவின் தோளில் ஒன்று போட்டுவிட்டு, சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆக்கின சோத்த இப்ப என்ன செய்ற?"

"சோத்துக்குப் பிறை தேவையில்ல" என்றார் மாமா. "பாய விரிங்க."

பாய் விரிந்தது. சவன் என்னும் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் கொட்டி, நடுவில் இறைச்சியை வைத்து, ஒரே சவனைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். உம்மா புதுச் சட்டையைக் கொண்டுவந்து, "இப்பவே போடு, நான் பாக்கணும்" என்றார். மாமா போட்டுக்கொண்டு சாப்பிட்டார். சுவருக்கு மேலால் தலை நீட்டிய மாமி வாசலாலேயே வந்தார். தேநீர்க்கடைக் காக்காவும் வந்து, "மனே, உன்ட கண்ணாடிய எனக்கு ஒரு கிழமைக்குத் தா. நாளையண்டைக்குள்ள வியாபாரத்த இண்டைக்கே பாத்துக்கொள்றன்" என்று என் தலையில் தட்டினார். வட்டிலப்பத்தில் பெரிய துண்டு மாமாவுக்கு. அவர் அதில் பாதியை என் பக்கம் தள்ளினார். அதைப் போன்ற பெருநாளை என் வாழ்க்கையில் நான் பிறகு கண்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் நெடுங்காலம் அதற்குப் ‘பெருநாளுக்கு முந்தின பெருநாள்’ என்றே பெயர் இருந்தது.

மறுநாள் மாமா பஸ் ஏறினார். அதற்கு அடுத்த நாள் வந்த உண்மையான பெருநாளில் எங்கள் வீட்டில் கோழி இல்லை. பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிறகு நான் படித்தேன். வெள்ளிக் கோளும் நிலாவைப் போலத் தேய்ந்து வளரும் என்பதையும், அது நமக்குக் கிட்ட வரும்போதுதான் மெல்லிய பிறையாகத் தெரியும் என்பதையும் பல்கலைக்கழகத்தில் கற்றேன். பௌதிக ஆசிரியரானேன். ராத்தாவின் மகனுடைய கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் நடுவில் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏழு கடலும் சுத்தின எங்கட மாமா, ஒரு நட்சத்திரத்தப் பிறையெண்டு நம்பிப் பள்ளிக்குப் போன ஆள்" என்று சொன்னேன். பந்தலே சிரித்தது. மாமாவும் அங்கே இருந்தார். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஓம் மனே, அண்டைக்கு நான் நல்லா ஏமாந்திட்டன்" என்றார். அது நட்சத்திரம் என்று எனக்கு அன்றே தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அதன் பிறகும் பல இடங்களில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மாமாவை இன்னும் கொஞ்சம் வெகுளியாக்கினேன். அவர் மௌத்தாகி வருடங்கள் போய்விட்டன.

இந்த வருடம் நோன்பு பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், கட்டாரிலிருந்து வந்த என் மகன் எனக்கொரு தொலைகாட்டி கொண்டுவந்தான். வளையம் உள்ள பார்வைத்துண்டோடு. மேற்கே வெள்ளி மெல்லிய பிறையாக இருந்த காலம். மாலையில் வீட்டின் மேல்தட்டில் வைத்து அதைப் பிடித்தேன். வளையத்தை அந்தம்வரை திருப்பினேன். என்னை அப்பா, அதாவது தாத்தா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை ஒருத்தி கண்ணை வைத்துக் கத்தினாள். அவள் கையும் சும்மா இருக்கவில்லை. வளையத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள்.

"அங்கால திரும்புதில்ல அப்பா" என்றாள். பிறகு மற்றப் பக்கம் திருப்பினாள். "ஐயோ, பிறை போயிட்டு. வெள்ளிதான் இரிக்கி."

நான் மேல்தட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று களத்தில் மாமாவுக்காக நான் வளையத்தை அந்தம்வரை திருப்பித்தான் வைத்திருந்தேன். அதற்கு மேல் திரும்ப அதில் இடமில்லை. மாமாவின் விரல்கள் திரும்பியிருக்கக்கூடிய பக்கம் ஒன்றே ஒன்றுதான். என் பிறை அவருடைய கண் முன்னால் சுருங்கிப் பொட்டாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சாட்சி சொல்ல ஒருவரையும் ஓடவிடாமல், தானே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், வட்டிலப்பம் அவியும்வரை ஒழுங்கை முனையில் நின்றிருக்கிறார். கல்யாணப் பந்தலில் என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்.

நானோ, அவர் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.